கோதுமையின் பாட்டனை வளர்த்தவர்

எங்கள் ஸோரகல் கிராமத்தில் பார்கெவ் அளவுக்கு உயர்ந்த வம்சத்தில் பிறந்தவர் ஒருவரும் இல்லை. இதை நாங்களாகச் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொன்னார். மதியம் மோர் குடித்துவிட்டு மீசையைத் துடைக்கும்போது சொன்னார். ஒருமுறை சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்து நடக்கும்போதுகூட, பக்கத்தில் நடந்தவனிடம், "எங்க வம்சத்துல எல்லாம் நாலு குதிரை பூட்டின வண்டியிலதான் எடுத்துட்டுப் போவாங்க" என்றார். பெட்டிக்குள் இருந்தவர் மட்டும்தான் அன்று அதைக் கேட்காதவர். அவர் கொடுத்து வைத்தவர்.

ஆதாரம் கேட்டால் மாட்டுத் தொழுவத்துக்கு அழைத்துப் போவார். அங்கே சுவரின் அடிவரிசையில், சாணிக் கறைக்கு நடுவே, ஏதோ ஒரு விலங்கு செதுக்கிய கல் ஒன்று இருந்தது.

"சிங்கம். எங்க குலச் சின்னம்."

"வாலைப் பாத்தா பூனை மாதிரி இருக்கே, பார்கெவ்?" என்று ஊர்ப் பெரியவரான மார்கரித் அக்கா ஒருமுறை குனிந்து பார்த்துக் கேட்டார்.

"தேய்ஞ்சிருக்கு அக்கா. ஆயிரம் வருஷத்து மழை."

"தொழுவத்துக்குள்ள எப்படிப்பா மழை பெஞ்சுது?"

அராகட்ஸ் மலைச்சரிவில் செதுக்கிய கல் இல்லாத தொழுவத்தை யாராவது காட்டிவிட்டால் அவருக்கு நான் தலை வணங்குகிறேன். நிலநடுக்கத்தில் கோயில்கள் விழுந்தன. விழுந்த கல்லைப் பொறுக்கி எங்கள் முன்னோர் தொழுவம் கட்டினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரில் மாடுகள்தாம் ஆண்ட பரம்பரை. நாங்கள் சாணி அள்ளுகிறவர்கள்.

பட்டாளத்தில் பார்கெவ் இரண்டு ஆண்டும் உருளைக்கிழங்கு உரித்தார். ஊருக்குத் திரும்பியவர், "தளபதி சாப்பிடுற ஒவ்வொரு வேளையும் என் கையாலதான்" என்றார். கூட்டுப்பண்ணைக் காலத்தில் தானியக் கிடங்குக்குக் காவல் இருந்தார்; கிடங்கில் எலி இருந்தது; அவர் தூங்கினார். கூட்டுப்பண்ணை உடைந்து நிலத்தைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தபோது, சரிவில் ஒரு துண்டு அவருக்கு விழுந்தது. மற்றவர்கள் சீட்டில் நிலம் விழுந்தது என்றார்கள். பார்கெவ் மட்டும், "பூர்வீகச் சொத்து திரும்பி வந்துடுச்சு" என்றார்.

பெண் பார்க்கப் போன கதையும் இப்படித்தான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் சிரானுஷின் தகப்பனார் நேராகவே கேட்டார்: "மாப்பிள்ளை, மாடு எத்தனை?"

"மாமா, எங்க வம்சத்துல மாட்டை எண்ணுற வழக்கம் இல்ல."

ஒரே ஒரு மாடு. அதை எண்ண என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பதிலில் இருந்த கம்பீரத்தைக் கேட்டு உள்ளறையில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் இதயம் துள்ளியது. பேதைப் பெண்ணே! அந்தத் துள்ளலுக்கு நீ முப்பது வருடம் குனிந்து களை பிடுங்கப்போகிறாய் என்று யாராவது உன் காதில் ஓதியிருக்கக் கூடாதா?

ஆம், களை. பார்கெவின் வாழ்க்கையைச் சொல்லப் போனால் அந்தக் களையைச் சொல்லாமல் தீராது.

ஆட்டுக்கண் புல் என்போம். முளைத்து வரும்போது கோதுமையும் அதுவும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருக்கும். அடித்தண்டில் கொஞ்சம் சிவப்பு ஓடியிருக்கும், இலை ஓரத்தில் மயிர் இருக்கும், அவ்வளவுதான். கோதுமைக்குக் கதிர் வரும்போது அதற்கும் கதிர் வரும். கோதுமை முற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் அது முற்றிவிடும். முற்றியதும் கதிர் கணுக்கணுவாக உடையும். ஒவ்வொரு கணுவும் மரம் போல் கெட்டி, ஓரமெல்லாம் முள். ஆட்டு மயிரில் ஒட்டும், பாவாடையில் ஒட்டும், காலுறையில் ஒட்டினால் பிய்த்து எடுப்பதற்குள் உயிர் போய்விடும். வயலில் ஒரு பிடி இருந்தால் அடுத்த வருடம் ஒரு கூடை. அறுவடை இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய்விட்டாலோ, அது போகிற வயலுக்கெல்லாம் அதுவும் கூடவே போகும்.

எங்கள் ஊருக்கு அறுவடை இயந்திரம் ஒன்றுதான். கூட்டுப்பண்ணை விட்டுப்போன சீதனம். ஓட்டுகிறவன் செய்ரான். ஆகவே சுத்தமான வயல் முதலில், புல் மண்டிய வயல் கடைசியில் என்பது எங்கள் சட்டம். கடைசி என்றால் சும்மா இல்லை. அறுவடை முடியும் காலத்தில்தான் அராகட்ஸின் தலையில் கருமேகம் கட்டும். ஆலங்கட்டி மழை வரும். இந்தக் கதை நடந்த வருடத்துக்கு முந்தைய வருடம் கடைசி இடம் குர்கெனுக்கு. பார்கெவுக்கு அடுத்த வீட்டுக்காரன். வயலில் வைக்கோல்கூட மிஞ்சவில்லை. குளிர்காலம் முழுக்க அவன் வீட்டு அடுப்பு மற்றவர் கொடுத்த மாவில் எரிந்தது.

யார் முதல், யார் கடைசி என்பதை எப்படி முடிவு செய்வது? அதற்குத்தான் காலுறை நாள்.

அறுவடைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நெய்த கம்பளிக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் வயலுக்குள் கீழ்வரப்பில் இறங்கி மேல்வரப்பு வரை நடந்து திரும்ப வேண்டும். பிறகு களத்துமேட்டில் காலுறையைக் கழற்றி மார்கரித் அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தடவுவார், மோந்துகூடப் பார்ப்பார், களத்துச் சுவரில் கட்டிய கயிற்றில் மாட்டுவார். சுத்தமான காலுறை வலது ஓரத்தில். முள் ஏறிய காலுறை இடது ஓரத்தில். ஊரே நின்று சண்டை போடும், இதை அங்கே மாட்டு, அதை இங்கே நகர்த்து என்று. கடைசியில் கயிற்றில் தொங்குகிற வரிசைதான் இயந்திரம் போகிற வரிசை. ஆட்டு மயிரிடம் பொய் சொல்ல முடியாது என்பது எங்கள் நம்பிக்கை.

முப்பது வருடமாகப் பார்கெவின் காலுறை கயிற்றின் நடுவில் தொங்கியது. அதற்குக் காரணம் பார்கெவ் இல்லை. மே மாதம் முழுவதும் சிரானுஷ் அந்தச் சரிவில் முட்டி போட்டு, கோதுமையை விலக்கி விலக்கி, விரலால் அடித்தண்டைத் தடவி அந்தப் புல்லைப் பிடுங்குவாள். பார்கெவ் கீழே வாதுமை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அதோ அங்க ஒண்ணு" என்று கையை நீட்டுவார். அவர் நீட்டியது பெரும்பாலும் கோதுமையாக இருக்கும்.

அந்த வருடம் மே மாதத் தொடக்கத்தில் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலைநகரின் ஏதோ ஆராய்ச்சி நிலையம். கூடவே வெயிலில் சிவந்துபோன ஒரு வெளிநாட்டுக்காரர். சாலையோரம் எல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர்கள், பார்கெவின் வரப்பில் வந்ததும் புதையல் கண்டவர்கள் மாதிரி நின்றுவிட்டார்கள்.

"மாமா, இந்தப் புல்லோட விதை கொஞ்சம் எடுத்துக்கலாமா? விளைஞ்சதும் திரும்ப வர்றோம்."

"இந்தக் கழுதையையா? மொத்தமா எடுத்துட்டுப் போம்மா."

"கழுதைன்னு சொல்லாதீங்க மாமா," என்று அவள் சிரித்தாள். "பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, காஸ்பியன் கடல் பக்கம், இந்தப் புல்லும் அந்தக் காலத்துக் கோதுமையும் தானா கலந்துதான் இன்னைக்கு நாம ரொட்டி சுடுற கோதுமை வந்துச்சு. ஒரு வகையில இது நம்ம கோதுமைக்குப் பாட்டன்."

பார்கெவ் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பாட்டனா?"

"ஆமா. நோய் தாங்குற சக்தி இதுகிட்ட இருக்கு. எங்களுக்கு வரப்போரத்துல ஒரு பிடி போதும். வயலுக்குள்ள இருக்கறதை நீங்க கட்டாயம் பிடுங்கிடணும். இல்லன்னா விளைச்சல் போயிடும்."

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை அங்கே இருந்த எல்லோரும் கேட்டோம். சிரானுஷ் கேட்டாள், மதில்மேல் உட்கார்ந்திருந்த குர்கென் கேட்டான். பார்கெவின் காது மட்டும் 'பாட்டன்' என்ற சொல்லோடு கதவைச் சாத்திக்கொண்டது. விருந்தாளிகளுக்குப் பாலாடைக்கட்டியும் கீரையும் லவாஷ் ரொட்டியும் வைத்து, முசுக்கட்டைச் சாராயத்தை ஊற்றி, "பாட்டனுக்காக!" என்று கோப்பையை உயர்த்தினார். வெளிநாட்டுக்காரர் தன் பாட்டனுக்கு என்று நினைத்துக்கொண்டு கண் கலங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை சிரானுஷ் முழங்காலில் சாக்குத்துணி கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கப் போனாள். பார்கெவ் வரப்பில் குறுக்கே நின்றார்.

"எங்க போற?"

"எங்க போவாங்க? களை எடுக்க."

"களையா? சிரானுஷ், என் வயல்ல நிக்கறது கோதுமையோட பாட்டன். பாட்டனைப் பிடுங்கி எறிவியா நீ?"

"ஏங்க, அந்தப் பொண்ணு பிடுங்கச் சொன்னுச்சுங்க."

"அது சின்னப் பொண்ணு. வம்சத்தோட அருமை அதுக்கு என்ன தெரியும்? இத்தனை ஊரு இருக்கு. ஏன் நம்ம வயலைத் தேடி வந்தாங்க? ரத்தம் ரத்தத்தைத் தேடி வந்திருக்கு."

"உங்க ரத்தத்தைத் தேடித்தான் மூட்டைப்பூச்சிகூட வருது," என்றாள் சிரானுஷ். "இந்த வயல்லதாங்க நமக்கு வருஷத்துக்கு ரொட்டி. கயித்துல கடைசியில தொங்கினோம்னா குளிர்காலத்துக்கு என்ன திங்கறது? பாட்டனையா?"

"ராஜ வம்சம் பட்டினி கிடந்ததா சரித்திரத்துல ஒரு வரி காட்டு."

சிரானுஷ் சரித்திரம் படித்தவள் அல்ல. அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனத்தில் ஒரு பெண்ணின் முப்பது வருடம் உடைந்து விழுந்தது என்று நான் எழுதலாம். ஆனால் எதுவும் உடையவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பார்கெவின் வயலுக்கு நடுவே ஒரு மேடு உண்டு. வாதுமை மரத்தடி நாற்காலியிலிருந்து பார்த்தால் மேட்டுக்கு இந்தப் பக்கம்தான் தெரியும். அந்தப் பக்கத்து வயலைப் பார்க்க வேண்டுமானால் எழுந்து நடக்க வேண்டும். அந்த இடம் பத்திரமான இடம் என்பது சிரானுஷுக்கு மனப்பாடம். தினமும் ஆட்டைப் பத்திக்கொண்டு போகிறேன் என்று மேல்பாதையைச் சுற்றிப் போய், மேட்டுக்குப் பின்னால் முட்டி போட்டாள். மேட்டின் முதுகு நெடுகக் கற்களை வரிசையாக வைத்தாள். அந்தக் கல்லுக்கு மேலே ஒரு ஆட்டுக்கண்ணையும் விடவில்லை.

இங்கே கீழே பார்கெவ் பாட்டனைச் சுற்றிக் கயிறு கட்டினார். சாலையில் போகிறவர்களை நிறுத்தி விளக்கினார். மாலையில் நர்தி பலகையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து பகடை உருட்டும் இடத்துக்கு வந்து, ஒரு கதிரை மேசை நடுவில் வைத்தார்.

"இதுதான்டா மூலம். நீங்க எல்லாம் வளக்கறது பேரன். நான் வளக்கறது பாட்டன். ஞாயம்னு ஒண்ணு இருந்தா, அறுவடை இயந்திரம் முதல்ல யார் வயலுக்கு வரணும்?"

செய்ரான் பகடையைக் கீழே வைத்தான். "அண்ணே, மூத்தவங்களுக்குத்தான் முதல் மரியாதைன்னா, இனிமே கல்யாண விருந்துல தலைமை இடத்துல குரங்கைத்தான் உக்கார வைக்கணும்."

"உக்காந்துட்டுத்தானே இருக்கு," என்றான் குர்கென். "போன மாசம் எங்க தங்கச்சி கல்யாணத்துல யாரு தலைமை இடத்துல உக்காந்து கோப்பை தூக்கினது?"

தூக்கினவர் பார்கெவ். மேசையே அதிர்ந்தது. பார்கெவ் கதிரை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். கணுக்கள் உடைந்து பையோட்டையில் இறங்கி உள்ளே குத்தின. அவர் முகம் சுளித்ததை நாங்கள் அவமானம் என்று நினைத்தோம்.

ஜூலை வந்தது. கோதுமை மஞ்சளாகத் தொடங்கியது. மேட்டுக்கு இந்தப் பக்கம் மஞ்சளுக்கு நடுவே பாட்டன் சாம்பல் நிறத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றது. பாட்டன் மட்டும் இல்லை. மாமன், மச்சான், சித்தப்பன், எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஆராய்ச்சிப் பெண் திரும்பி வந்தாள், வரப்போரத்தில் ஒரு பிடி எடுத்தாள், வயலுக்குள் பார்த்தாள், "ஐயோ மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன திசையில் அராகட்ஸின் தலையில் ஒரு சிறு மேகம் இருந்தது.

அந்த மேகத்தைப் பார்த்ததும்தான் பார்கெவ் முதல்முறையாகக் களத்துக் கயிற்றை நினைத்துப் பார்த்தார். வம்சம் வம்சம்தான், ஆனாலும் கயிற்றின் இடது ஓரம் என்பது இடது ஓரம். போன குளிர்காலத்தில் குர்கென் மாவு கேட்டு வந்தபோது கதவைத் திறந்தவர் பார்கெவ்தான். கொடுத்துவிட்டு, வம்சப் பெருமையை ஒரு மணி நேரம் சொல்லி அனுப்பினார். அந்தக் குர்கெனின் வாசலில் இப்போது தான் போய் நிற்பதா?

காலுறை நாள் வந்தது. களத்துமேட்டில் ஊரே கூடியிருந்தது. குர்கெனின் காலுறை பனி போல் வெள்ளையாக வந்தது. அந்த மனிதன் வருடம் முழுக்க வயலிலேயே குடியிருந்தான், நியாயம்தான். அது வலது ஓரத்தில் ஏறியது. கைதட்டினார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். பார்கெவின் முறை வந்தது. அவர் நிமிர்ந்த தலையோடு வயலிலிருந்து இறங்கி வந்து, காலுறையைக் கழற்றி நீட்டினார்.

ஒரு முள் இல்லை.

சிரானுஷ் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தப் புல்காட்டுக்குள் போய்விட்டு ஒரு மனிதன் இப்படித் திரும்பி வர முடியுமென்றால், தண்ணீர்மேல் நடப்பது ஒன்றுமே இல்லை.

மார்கரித் அக்கா காலுறையை வாங்கி, இரண்டு விரலால் தேய்த்தார்.

"என்ன பார்கெவ், பாட்டன் ஒருத்தர்கூட உன்கூட வரலையா?"

"வம்சம் வம்சத்தைக் குத்தாது அக்கா."

"சரிதான். இது எந்த ஆடுப்பா?"

"நம்ம ஆடுதான்."

"நான் பாத்த ஆடெல்லாம் நனைஞ்சா நாத்தம் அடிக்கும். இதுல மண்ணெண்ணெய் வாசனை வருது." அவர் காலுறையை உள்பக்கம் புரட்டினார். விரல்நுனியில் ரஷ்ய எழுத்தில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தது. பார்கெவின் மகன், வேலைக்குப் போன ரஷ்யாவிலிருந்து அனுப்பிய நைலான் காலுறை. கம்பளிப் பின்னல் மாதிரி மேலே கோடு போட்டது.

"அண்ணே, அந்த ஆட்டை எனக்குக் குடுங்க," என்று செய்ரான் கத்தினான். "கறந்து இயந்திரத்துக்கு ஊத்திக்கறேன்."

சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. எங்கள் ஊரில் காலுறை நாளில் மழுப்பியவர்கள் இருக்கிறார்கள், வரும் வழியில் இரண்டு முள்ளைப் பிய்த்து எறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆட்டையே மாற்றியவர் பார்கெவ் ஒருவர்தான்.

"சிரானுஷ், நீ நெய்ஞ்சதைக் குடு," என்றார் மார்கரித் அக்கா.

சிரானுஷ் மடியிலிருந்து சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையை எடுத்துக் கொடுத்தாள். அவள் அதைத் தயாராக வைத்திருந்ததை நாங்கள் கவனித்தோம். பார்கெவ் கவனிக்கவில்லை. அவர் மறுபடியும் வயலில் இறங்கினார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. மேட்டை எட்டுவதற்குள்ளேயே காலுறை நிறைந்துவிட்டது, மேல்வரப்பு வரை வேண்டாம் என்று மார்கரித் அக்கா திரும்பச் சொன்னார். போகும்போது இரண்டு கால் போயிற்று. வரும்போது இரண்டு முள்ளம்பன்றி வந்தது. கழற்றும்போது அவர் கையிலும் குத்தியது. மார்கரித் அக்கா அதைக் கையால் தொடவில்லை, குச்சியில் எடுத்துக் கயிற்றின் இடது ஓரத்தில், மற்ற எல்லாக் காலுறைகளையும் விட்டுத் தள்ளி மாட்டினார்.

மீசையில் மண் ஒட்டினால் தட்டிவிடலாம். பார்கெவ் தட்டிவிட்டார். "ராஜா எப்பவும் ஊர்வலத்துல கடைசியாத்தான் வருவார்."

"ராஜா நடுவுல வருவார் அண்ணே," என்றான் குர்கென். "கடைசியில வர்றவன் குதிரைச் சாணி அள்றவன்."

எல்லோரும் கலையப் போகும் நேரம். அப்போதுதான் சிரானுஷ் முன்னால் வந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். காலில் முழங்கால்வரை வெள்ளைக் கம்பளி.

"அக்கா, நானும் நடக்கணும்."

"எங்க நடக்கப்போற?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம். கல்லு வரிசை போட்டிருக்கேன். கல்லுக்கு மேல களை எடுத்தது நான். அதுக்கும் சேத்து அவரு காலுறை ஏன் பேசணும்?"

மேட்டுக்கு அந்தப் பக்கம் தனக்கு வயல் இருக்கிறது என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது போல் பார்கெவ் விழித்தார். பிறகு வெடித்தார்.

"ஏய், ஒரு வீட்டுக்கு எங்கயாவது ரெண்டு ஜோடி காலுறை தொங்குமா? ஊரு என்ன பேசும்? புருசன் பொண்டாட்டி பிரிஞ்சுட்டாங்கன்னு பேசும்!"

"நீங்க மரத்தடியில, நான் வயல்ல. முப்பது வருஷமா அப்படித்தாங்க இருக்கோம். கயித்துல தொங்கினாத்தான் ஊருக்குத் தெரியுமா?"

"நான் குடும்பத் தலைவன்டீ!"

"தலைவரு தலையிலயே இருங்க. நான் காலைப் பத்திப் பேசறேன்."

பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவைச் சத்தம்கூட வந்தது. செய்ரான் மட்டும் முணுமுணுத்தான்: "அரை வயலை எப்படிக்கா அறுக்கறது? கீழ இருந்து ஏறினா பாட்டன் கூட்டத்துல மாட்டிக்குவேன்."

"மேல்பாதையில வா. ஆட்டு வழியை அகலம் பண்ணி வெச்சிருக்கேன். திரும்பறதுக்கும் எடம் விட்டிருக்கேன்."

மார்கரித் அக்கா கயிற்றைப் பார்த்தார், பார்கெவைப் பார்த்தார், சிரானுஷின் காலைப் பார்த்தார். "நிலம் யார் பேருலன்னு இந்தக் கயிறு ஒருநாளும் கேட்டதில்ல. யாரு நடந்தாங்கன்னுதான் கேக்கும். நடம்மா."

அவள் நடந்தாள். கல்வரிசையிலிருந்து மேல்வரப்பு வரை போய்த் திரும்பினாள். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கோதுமைக்குள் நடப்பதை ஒரு ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். காலுறையைக் கழற்றிக் கொடுத்தாள். அதில் ஒரே ஒரு கணு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கண்ணில் நீர் முட்டியது.

"கீழ இருந்து காத்துல வந்திருக்கும்," என்றார் மார்கரித் அக்கா. அதைப் பிய்க்காமலே குர்கெனின் காலுறைக்குப் பக்கத்தில், வலப்புறமிருந்து இரண்டாவதாக மாட்டினார்.

வலது பக்கம் மனைவி, இடது பக்கம் கணவன், நடுவில் ஊர். எங்கள் களத்துச் சுவரில் அப்படி ஒரு விவாகரத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அறுவடை தொடங்கியது. குர்கெனின் வயலை முடித்துவிட்டுச் செய்ரான் மேல்பாதையில் முனகிக்கொண்டே ஏறினான். சிரானுஷின் பாதியை அறுத்தான். கல்வரிசைக்கு வந்ததும் இயந்திரம் நின்றது. பார்கெவ் கல்லுக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"செய்ரான், இவ்வளவு தூரம் வந்துட்ட. அப்படியே இறங்கிடேன்டா."

"இறங்கினா அடுத்தது மார்கரித் அக்கா வயலுண்ணே. உங்க பாட்டனை அவங்க வீட்டுக்கு நான் கூட்டிட்டுப் போனா என்னை அடுப்புல வெச்சிடுவாங்க."

இயந்திரம் திரும்பியது. சிரானுஷ் தார்ப்பாய் விரித்துத் தானியத்தைக் காயவைத்தாள், மூட்டை கட்டினாள், குர்கெனின் வண்டியில் ஏற்றி வீடு சேர்த்தாள். பார்கெவ் உதவிக்கு வந்தார். "வேண்டாங்க, உங்க சட்டையில முள்ளு இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

வயல் வயலாக இயந்திரம் போயிற்று. கயிற்றிலிருந்து ஒவ்வொரு காலுறையாக இறங்கியது. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சித் தொங்கியது. அதை இறக்க வேண்டிய நாளன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அராகட்ஸ் கறுத்தது.

பார்கெவ் ஓடினார். ஆம், ஓடினார். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தலையில் துணி துவைக்கும் தகரத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, வயலின் நடுவில் நின்று, வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தொட்டிமேல் ஆலங்கட்டி விழுந்த ஓசையில் எதுவும் கேட்கவில்லை. தன் வம்சத்தை எடுத்துச் சொல்லியிருப்பார் என்று குர்கென் நினைக்கிறான். சொல்லியிருந்தால் வானத்துக்கு அந்த விவரம் புதிதாக இருந்திருக்காது.

மழை விட்டபோது கோதுமை சேற்றோடு சேறாகக் கிடந்தது. பாட்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது முன்பே உடைந்து கணுக்கணுவாக மண்ணில் உதிர்ந்திருந்தது. ஒவ்வொரு ஆலங்கட்டியும் சுத்தியலாக இறங்கி, ஒவ்வொரு கணுவையும் பதமாக மண்ணில் அடித்து ஊன்றிவிட்டுப் போயிருந்தது. அடுத்த வருடம் அந்தப் பாதியில் கோதுமைக்கு இடமே இருக்காது.

சில நாள் கழித்துச் சிரானுஷ் வீட்டில் புதுமாவு ரொட்டி சுட்டார்கள். தரைக்குள் புதைத்த அடுப்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி உருட்ட, ஒருத்தி வீச, மார்கரித் அக்கா அடுப்புச் சுவரில் அறைந்து எடுக்க, லவாஷ் அடுக்கடுக்காக உயர்ந்தது. வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. பார்கெவ் வாசலில் வந்து நின்றார்.

"என் பங்கு?"

"உங்க பங்கு வயல்ல கெடக்குங்க," என்றாள் சிரானுஷ், திரும்பிப் பார்க்காமலே. "பொறுக்கிட்டு வாங்க. ஒரு வாளி கணு கொண்டு வந்தா ஒரு ரொட்டி."

"புருசன்கிட்ட பேரம் பேசறியா?"

"அது மண்ணுல முளைக்கறதுக்கு முந்தி எடுத்தாத்தாங்க அடுத்த வருஷமும் ரொட்டி. என் முட்டி தேஞ்சுபோச்சு. உங்க முட்டி புதுசாத்தானே இருக்கு."

பார்கெவ் மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே போனார். நேராகக் குர்கென் வீட்டுக்குப் போனார். குர்கென் வரவேற்றான், உட்கார வைத்தான், சூப் ஊற்றினான், ரொட்டி வைத்தான். பிறகு எதிரே சாய்ந்து உட்கார்ந்து, தன் குடும்பத்தின் வரலாற்றைத் தொடங்கினான். கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்கினான். சூப் ஆறியது. வெளியே வெயில் சாய்ந்தது. கொள்ளுத்தாத்தா இன்னும் சாகவில்லை. பார்கெவ் நடுவில் எழப் பார்த்தார். "உக்காருங்கண்ணே, இனிமேதான் சுவாரசியம்" என்று தோளை அமுக்கினான்.

மறுநாள் காலை பார்கெவ் வாளியோடு வயலில் இருந்தார். முட்டி போட்டிருந்தார். சாலையில் போன நாங்கள் நின்று பார்த்தோம். அதை மரியாதை என்றும் சொல்லலாம்.

மதியம் முதல் வாளி வந்தது. சிரானுஷ் மேலோட்டமாகப் பார்க்கிறவள் அல்ல. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அடியில் வைக்கோல்.

"கீழ வைக்கோல் அடைச்சிருக்கீங்க."

"மேல இருக்கறது நிஜம்தானே?"

"மேல இருக்கறது எப்பவும் நிஜம்தாங்க. போயிட்டு வாங்க."

போனார். சாயங்காலம் வந்தார். இந்த முறை வாளி கனத்தது. விரல்களில் கீறல், நகத்தில் ரத்தம், முழங்கால் இரண்டிலும் மண். அவள் துழாவினாள், அடிவரை கணுதான். ஒரு லவாஷை எடுத்து, பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்துச் சுருட்டி, அவர் கையில் கொடுத்தாள். அந்த விரல்களைப் பார்த்ததும் ஒரு கணம் அவள் முகம் மாறியது. பெண் மனசு அப்படித்தான், ஒரு கணம்.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு வாளியை அடுப்புச் சாம்பலில் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, காலி வாளியை அவர் பக்கம் காலால் தள்ளினாள்.